பொன்னாடைச் சுவர்

திண்டிவனம் மேம்பாலத்தடியில் அருணாவைத் தெரியாதவர்கள் இரண்டு வகை. அன்றைக்குத்தான் பஸ்ஸை விட்டு இறங்கியவர்கள் ஒரு வகை. நன்றாகத் தெரிந்தும் தெரியாதது போல முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்கள் இன்னொரு வகை. இரண்டாவது வகைதான் எப்போதும் அதிகம். நீலப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் வந்தால், பழக்கடைக்காரர் ஏற்கெனவே அடுக்கி வைத்த ஆரஞ்சுகளை மறுபடியும் அடுக்கத் தொடங்கிவிடுவார். பைக்குள் என்ன இருக்கிறது என்பது ஊருக்கே தெரியும். பிரிக்காத புது ஊசிகள் ஒரு பக்கம். போட்டு முடித்த பழைய ஊசிகளை வாங்கி அடைத்து வைக்கும் கெட்டியான டப்பா இன்னொரு பக்கம்.

அருணாவுக்கு இதில் கூச்சமே கிடையாது. விழுப்புரத்தை ஒட்டிய காணைக்குப் பக்கத்தில் கரும்பும் நெல்லும் வைக்கிற முருகையனுக்கு மூத்த மகள் அவள். கரும்புச் சோகை கிழித்த கையோடு பள்ளிக்கூடம் போய்ப் பன்னிரண்டாவது முடித்தவள். திண்டிவனத்தில் ஆட்டோ ஓட்டும் மாரியப்பனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். மாரியப்பன் அதிகம் பேசமாட்டார். அவருக்கும் சேர்த்து இவள் பேசிவிடுவதால் அந்த வீட்டில் பேச்சுக்குப் பஞ்சமில்லை. பிள்ளைகள் கொஞ்சம் தலையெடுத்த பிறகு, ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனாள். போதை ஊசி போட்டுக்கொள்கிறவர்களைத் தேடிப் போக வேண்டும், புது ஊசி கொடுத்துப் பழையதை வாங்கி வர வேண்டும், எச்.ஐ.வி. பரிசோதனைக்குக் கூட்டிப் போக வேண்டும் என்று சொன்னதும், வந்திருந்த மற்ற பெண்கள் டீ வருவதற்குள் எழுந்து போய்விட்டார்கள். அருணா டீயையும் குடித்தாள், வேலையிலும் சேர்ந்தாள்.

ஊசி கொடுத்து ஊரைக் கெடுக்கிறாயா என்று கேட்காத ஆள் கிடையாது. அவளும் சளைக்காமல் ஒரே பதிலைத்தான் சொல்வாள். "போடாதேன்னு சொல்றதுக்கு ஊருல ஆயிரம் பேர் இருக்காங்க. போடறவன் அடுத்தவன் ஊசிய வாங்கிப் போட்டு நோயையும் சேத்து வாங்கிக்கினு போவாம பாத்துக்கறதுக்கு ஒருத்தியாவது வேணாமா?" கேட்டவர்களுக்கு அதற்கும் கோபம்தான் வரும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள், ரயில் பாதை ஓரம் வேலிகாத்தான் புதருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஊசி கொடுத்துக்கொண்டே வந்தாள். அங்கே யாரும் முகத்தைக் காட்டுவதில்லை, கையைத்தான் நீட்டுவார்கள். நீண்ட கைகளில் ஒன்றில், பெருவிரலுக்குக் கீழே அரிவாள் பட்ட பழைய தழும்பு இருந்தது. அந்தத் தழும்புக்கு மஞ்சள் வைத்துக் கட்டியதே அருணாதான். அவளுக்குப் பத்து வயது இளையவன், அவள் இடுப்பிலேயே வளர்ந்த தம்பி குமரேசன்.

குமரேசனுக்குச் சென்ட்ரிங் வேலை. சாரத்திலிருந்து விழுந்து முதுகில் அடிபட்டிருந்தது. வலிக்கு மாத்திரை தின்று தின்று, அது போதாமல் ஊசிக்குப் போயிருக்கிறான். திண்டிவனத்திலேயே அறை எடுத்துத் தங்கியிருந்தவன், அக்கா வீட்டுக்கு வருவதை ஏன் நிறுத்திக்கொண்டான் என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. அந்தக் கையிலும் ஒரு புது ஊசியை வைத்துவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்து, மாரியப்பன் பேசத் தொடங்கும் அளவுக்கு அழுதாள்.

இந்தப் பக்கத்தில் குடியை விட நினைக்கிறவன் டாக்டரைத் தேடுவதற்கு முன் கோயிலைத் தேடுவான். சாமி முன்னால் சத்தியம் செய்து மணிக்கட்டில் கயிறு கட்டிக்கொள்வான். கயிறு கையில் இருக்கும்வரை தொடக் கூடாது. குடிக்கு இருந்த கயிற்றை அருணா ஊசிக்கும் கொண்டுவந்தாள். ஒரு அமாவாசை அன்று தம்பியை மேல்மலையனூருக்கு அழைத்துப் போனாள். போகும் வழியில் சாலையோரம் இருந்த ஒரு சிறிய அம்மன் கோயிலில் நிறுத்தி, அவன் கையில் மஞ்சள் கயிறு கட்ட வைத்தாள். அவனும் கண்கலங்கிச் சத்தியம் செய்தான். அன்றைக்கு அது உண்மையான சத்தியம்தான். அதில் யாரும் சந்தேகப்பட வேண்டாம்.

திரும்பி வந்ததும் அருணாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கவுன்சிலர் வீட்டுக் காதுகுத்துக்கெல்லாம் பொன்னாடை போர்த்துகிற ஊரில், ஊசியை விட்டவனுக்குப் போர்த்தினால் என்ன குறைந்துவிடும்? நிறுவனம் மேம்பாலத்துக்குப் பின்னால் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து மையம் நடத்திவந்தது. ஊசி வாங்க, குளிக்க, புண்ணுக்குக் கட்டுப்போட, கொஞ்ச நேரம் படுத்து எழ ஆட்கள் அங்கே வந்து போவார்கள். அவர்கள் எல்லோரையும் கூட்டி வைத்து, தம்பிக்குப் பொன்னாடை போர்த்தி, கைதட்டி, படம் எடுத்துக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினாள். மகனின் படத்தைப் பார்க்க முருகையன் காணையிலிருந்து வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். சுவருக்கு முன்னால் அவர் நின்ற நிலையைப் பார்த்தால், பிள்ளை கலெக்டர் ஆகிவிட்டான் என்று தோன்றும்.

அதற்குப் பிறகு வரிசை பிடித்தது. அமாவாசைக்கு அமாவாசை யாராவது கயிறு கட்டிக்கொண்டு வந்தார்கள். பொன்னாடை, கைதட்டு, படம். சென்னையிலிருந்து வருகிற நிறுவனத்துப் பெரியவர்கள் அந்தச் சுவரைப் பார்த்து மெச்சிவிட்டுப் போனார்கள். படம் மாட்டியவனுக்கு இனி ஊசி எதற்கு? நீலப் பையோடு சுற்றும்போது அருணா அவர்கள் இருக்கும் பக்கம் போகவில்லை. சாமிக்குச் சத்தியம் செய்தவன் முன்னால் ஊசியைக் கொண்டுபோய் நீட்டுவது பாவம் என்று அவள் நம்பினாள்.

இப்படி அவள் தலைநிமிர்ந்து நடந்துகொண்டிருந்த காலத்தில்தான் அந்த ஆண்டின் ரத்தப் பரிசோதனை முடிவுகள் வந்தன. விழுப்புரத்தில் புதிதாக ஒருவருக்கும் தொற்று இல்லை. திண்டிவனத்தில் இருந்தது. ஒருவர் இருவர் அல்ல, சிலர். இரண்டு ஊரிலும் ஒரே நிறுவனம், ஒரே ஊசி, ஒரே மாதிரிப் பை. அருணாவுக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது.

விழுப்புரத்தில் கூட்டம் போட்டார்கள். வெள்ளைப் புடவையில் வந்திருந்த டாக்டர் ஆரோக்கிய ஜெனித் யாரையும் குறை சொல்லவில்லை. திரையில் ஒரு படத்தைக் காட்டினார். ஊசி போட்டுக்கொள்கிறவர்களில் எத்தனை பேருக்கு எச்.ஐ.வி. என்று நாடு நாடாகப் பிரித்து, நெட்டையும் குட்டையுமாகப் பட்டைகள் போட்ட படம். ஆஸ்திரேலியாவின் பட்டை தரையோடு தரையாகக் கிடந்தது. நோய் பரவத் தொடங்கிய காலத்திலேயே அங்கே ஊசி கொடுக்க ஆரம்பித்துவிட்டார்களாம். ரஷ்யாவின் பட்டை ஓங்கி நின்றது. நம் நாட்டிலேயே மணிப்பூர் ஒரு காலத்தில் பட்ட பாட்டையும் சொன்னார். ருமேனியாவில் பல ஆண்டு குட்டையாக இருந்த பட்டை, நிதி நின்று ஊசி கொடுக்கும் இடங்கள் குறைந்த பிறகு கிடுகிடுவென்று ஏறியிருந்தது. நெட்டைப் பட்டை நாட்டில் இருப்பவர்கள் கெட்டவர்கள், குட்டைப் பட்டை நாட்டில் இருப்பவர்கள் நல்லவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள் என்றார் டாக்டர். கையை நீட்டினால் புது ஊசி கிடைக்கிறதா, அதை வாங்கப் போக மனிதனுக்குப் பயமோ வெட்கமோ இருக்கிறதா, அங்கேதான் வித்தியாசம் என்றார்.

பிறகு ஸ்காட்லாந்துக்கு வந்தார். அங்கே எடின்பரோ, கிளாஸ்கோ என்று இரண்டு ஊர். ரயிலில் ஒரு மணி நேரத் தூரம். நாற்பது ஆண்டுக்கு முன்னால் எடின்பரோவில் ஊசி போட்டவர்களில் பாதிப்பேருக்கு நோய் வந்துவிட்டது; கிளாஸ்கோவில் அதில் சிறிதளவுதான். எடின்பரோவில் ஊசி விற்ற கடைகளை நெருக்கினார்கள், ஊசியோடு பிடிபட்டவனிடமிருந்து போலீஸ் அதைப் பிடுங்கியது. அதனால் ஒரே ஊசி பல கை மாறியது. அவ்வளவுதான் என்று சொல்லி டாக்டர் தண்ணீர் குடித்தார்.

மற்றவர்கள் சாப்பாட்டுக்கு எழுந்தார்கள். அருணா எழவில்லை. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. நம் ஊரில் யார் ஊசியைப் பிடுங்கினார்கள்? போலீஸ் இல்லை. கடைக்காரர் இல்லை. அப்படியானால் யார்? அவளுக்கு ஒரு கேள்வி மண்டைக்குள் புகுந்துவிட்டால் சோறு இறங்காது. விழுப்புரம் மையத்தைப் பார்த்துக்கொள்ளும் ரோஸ்லினின் கையைப் பிடித்து, உன் இடத்தை நான் பார்க்க வேண்டும் என்று அங்கேயே கூட்டிப் போகச் சொன்னாள்.

ரோஸ்லினின் மையத்தில் விசேஷமாக ஒன்றும் இல்லை. சுவரில் ஒரு கடிகாரமும் மாதா படம் போட்ட காலண்டரும்தான். நடுவில் ஒரு கேரம் போர்டு. அருணா, நம் சுவர் எங்கே, இந்தச் சுவர் எங்கே என்று மனசுக்குள் கொஞ்சம் உதட்டைப் பிதுக்கிக்கொண்டாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அப்போது ஒருவன் உள்ளே வந்தான். பழைய ஊசியை டப்பாவில் போட்டுவிட்டுப் புது ஊசியை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கேரம் ஆட உட்கார்ந்தான். ஸ்டிரைக்கரைச் சுண்டிய அந்தக் கையில் மஞ்சள் கயிறு.

அருணா பதறிப்போய் ரோஸ்லினை ஓரமாக இழுத்து, கயிறு கட்டியவனுக்கு ஊசியா என்று கேட்டாள்.

"கயிறு அவருக்கும் சாமிக்கும் நடுவுல இருக்கறதுங்கக்கா," என்றாள் ரோஸ்லின். "அதுல நான் இன்னா பேசறது? ஒருநாள் தவறிட்டா எங்க போவாரு? இங்க வர வெக்கப்பட்டா எவன்கிட்டயாவது கை ஏந்துவாரு இல்ல?"

திரும்பும் பஸ்ஸில் அருணா மீதிச் சில்லறையை எண்ணிக்கூடப் பார்க்காமல் வாங்கிப் போட்டுக்கொண்டாள். கண்டக்டருக்கே சில்லறை விஷயமாக அவளிடம் பேச்சு வாங்கிப் பழக்கம். அன்றைக்கு அவர் தப்பித்தார்.

மறுநாள் அவள் தேடிப் போனது சின்னதுரையை. சந்தையில் மூட்டை தூக்குகிறவன். சுவரில் படம் இருப்பவர்களில் ஒருவன். புதிதாகத் தொற்று வந்ததை அவனே அவளிடம் சொல்லி அழுதிருந்தான். மருந்து தொடங்கியிருந்தார்கள், முகம் தெளிந்திருந்தது. அருணா சுற்றி வளைக்காமல் கேட்டாள். அவனும் மறைக்கவில்லை. கயிறு கட்டி ஒரு மாதம் தாங்கினான். அப்புறம் ஒருநாள் உடம்பு முறுக்கியெடுத்தது, முடியவில்லை. மையத்து வாசல்வரை வந்தான். ஜன்னல் வழியாகச் சுவரில் தன் படம் தெரிந்தது. திரும்பிப் போய், பக்கத்தில் இருந்தவனின் ஊசியைக் கேட்டு வாங்கினான்.

"பொன்னாடை போத்தி உட்டீங்களேக்கா," என்றான். "அத வாங்கிக்கினு, அந்தப் படத்துக்குக் கீழயே வந்து நின்னு ஊசி குடுன்னு எந்த மூஞ்ச வச்சிக்கினு கேக்கறது?"

அருணாவின் மனசு தம்பியிடம் ஓடியது. ஏனென்றால் சுவரில் முதல் படம் குமரேசனுடையது. போன வாரம்கூட அவன் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனான். கத்திரி வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டிருந்தான். பொத்தானைக்கூட அவிழ்க்காமல் கை கழுவினான். நீலப் பையோடு ஊரெல்லாம் சுற்றுகிறவளின் கண்ணுக்கு அது படவில்லை. தம்பி என்றால் கண்ணுக்குத் திரை விழுந்துவிடுகிறது.

அன்று மாலையே குமரேசனின் அறைக்குப் போனாள். கேட்டதும் அவன் சீறினான். நான் சுத்தமாக இருக்கிறேன், வேண்டுமானால் அம்மன் மேல் ஆணை என்றான். ஆணை இடாதே என்று அருணா அவன் வாயைப் பொத்தினாள். உன்னை நான் எதுவும் கேட்கவில்லை, கயிற்றோடு வந்தாலும் கயிறில்லாமல் வந்தாலும் மையத்தில் ஊசி உண்டு, படங்களையெல்லாம் எடுக்கப் போகிறேன் என்று மட்டும் சொன்னாள். "எம் படத்த எடுத்தீன்னா ஊரு இன்னாக்கா பேசும்? அப்பா மூஞ்சில நான் எப்பிடி முழிப்பேன்?" என்று கேட்டான் அவன். அவன் இன்னும் ஊசியை விடவில்லை என்பதற்கு அந்தக் கேள்வியிலேயே அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

மறுநாள் எல்லோரும் இருக்கும்போது படங்களைக் கழற்றினாள். தம்பியின் படத்தைத்தான் முதலில் கழற்றினாள். மையத்தின் மேலாளருக்கு வருத்தம், பெரியவர்கள் வந்தால் எதைக் காட்டுவது என்றார். வருகிற ஆட்களைக் காட்டுங்கள் என்றாள். கயிறு கட்டுகிறவர்கள் கட்டட்டும், நானே கூட வருவேன், ஆனால் தவறிவிட்டால் நேராக இங்கே வர வேண்டும், ஒரு கேள்வி கேட்கமாட்டேன் என்று எல்லோரிடமும் சொன்னாள். ரோஸ்லினைப் பார்த்து ஒரு கேரம் போர்டும் வாங்கிப் போட்டாள். நல்லதைக் காப்பியடிக்க அவள் வெட்கப்பட்டதில்லை.

அந்த வாரம் முருகையன் மகளுக்கும் மகனுக்கும் ஒரு பை மல்லாட்டைக் கடலை எடுத்துக்கொண்டு வந்தார். வழக்கம்போல மகன் படத்தைப் பார்க்க மையத்துக்குள் போனவர், சுவரைப் பார்த்து நின்றுவிட்டார்.

"ஆணி மட்டும் கீது," என்றார். "எம் புள்ள எங்கம்மா?"

அருணா அப்பாவை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் காதில் ஏறவில்லை. தன் பிள்ளையை அவன் அக்காவே ஊர் முன்னால் கழற்றிப் போட்டாள் என்பது மட்டும்தான் ஏறியது. பையை அங்கேயே வைத்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். அதற்குப் பிறகு போனும் செய்யவில்லை.

படத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். முதலில் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள், பிறகு கேரம் ஆட வந்தவர்கள் போல வந்தார்கள், பிறகு ஊசி கேட்டார்கள். குமரேசன் மட்டும் வரவில்லை. ஒவ்வொரு நாளும் அவன் யாருடைய ஊசியையோ வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறான் என்று அருணாவுக்குத் தெரியும். நீலப் பையில் ஊசி நிரம்ப இருக்கிறது. தம்பி கையில் அது சேரவில்லை. அவளே போய்க் கொடுத்துப் பார்த்தாள். அவன் கதவைத் திறக்கவில்லை. ஊரில் எத்தனையோ பேர் அவளை விரட்டியிருக்கிறார்கள்; அந்தச் சாத்திய கதவு அளவுக்கு எதுவும் வலித்ததில்லை.

கதவைத் திறக்க வைத்தவன் சின்னதுரை. அது அருணாவுக்குப் பிறகுதான் தெரியவந்தது. அவன் தானாகவே குமரேசனின் அறைக்குப் போய், தனக்கு வந்திருப்பதைச் சொல்லி, எப்படி வந்தது என்பதையும் சொல்லி, தினமும் விழுங்கும் மாத்திரையை எடுத்துக் காட்டியிருக்கிறான். வெட்கத்துக்கு நான் கொடுத்த விலை இது, நீயும் கொடுக்காதே என்றிருக்கிறான். தன் நோயை வெளியே சொல்ல இந்த ஊரில் எத்தனை துணிச்சல் வேண்டும் என்பது இங்கே வாழ்கிறவர்களுக்குத் தெரியும். மூட்டை தூக்குகிறவன் அன்றைக்கு அதையும் தூக்கினான்.

ஒரு மத்தியானம். மையத்தில் நல்ல கூட்டம். குமரேசன் வாசலைத் தாண்டி உள்ளே வந்தான். அரைக்கைச் சட்டை. கையில் இருந்த புண்களும் தெரிந்தன, நிறம் மங்கிய மஞ்சள் கயிறும் தெரிந்தது. கேரம் ஆடியவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். அவன் யாரையும் பார்க்காமல் நேராக அக்காவின் மேஜைக்கு முன்னால் வந்து நின்றான்.

"அக்கா, ஒண்ணு குடு," என்றான்.

எல்லோரிடமும் கேட்பதைத்தான் அருணா அவனிடமும் கேட்டாள்.

"பழசு கொண்டாந்தியா?"

"இல்ல."

"அடுத்த வாட்டி கொண்டா," என்று சொல்லிப் புது ஊசியை, அந்தத் தழும்புள்ள கையில் வைத்தாள். பிறகு புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டினாள். அன்றைக்கு அவள் மனசு எவ்வளவு பூரித்தது என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். போதை ஊசி கேட்டு வந்த தம்பியைப் பார்த்து ஒரு அக்கா பெருமைப்படுவாளா? அவள் பட்டாள். முன்னே போர்த்திய பொன்னாடையை இன்றைக்குப் போர்த்தியிருக்க வேண்டும் என்று நினைத்தாள். நினைத்ததோடு நிறுத்திக்கொண்டாள், அந்த அளவுக்கு அவளுக்குப் புத்தி வந்திருந்தது.

அரசு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். முடிவு வரும்வரை அக்காவும் தம்பியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். தொற்று இல்லை என்று வந்தது. புதிதாகத் தொற்றியிருந்தால் உடனே தெரியாமலும் போகலாம், மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்றார்கள். அந்த மூன்று மாதமும் குமரேசன் பழைய ஊசியைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் புதியதை வாங்கிக்கொண்டு போனான். நடுவிலேயே, ஊசிக்குப் பதிலாக நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை ஆஸ்பத்திரியில் தினமும் கொடுக்கிறார்கள் என்று கேட்டு, அதற்கும் போகத் தொடங்கினான். யாரும் சத்தியம் வாங்கவில்லை. இரண்டாவது பரிசோதனையிலும் இல்லை என்றே வந்தது.

அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் டாக்டர் ஆரோக்கிய ஜெனித் மறுபடியும் பட்டைகளைக் காட்டினார். நாடுகள் அப்படி அப்படியே நின்றன. கடைசியில் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இரண்டு பட்டைகள் போட்டிருந்தார். திண்டிவனத்தில் அந்த ஆண்டு புதிதாக யாரும் இல்லை. என்ன செய்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். ஐந்து நிமிடம் பேசச் சொன்னால் அரை மணி நேரம் பேசுகிற அருணா எழுந்து நின்று, "ஒரு செவுத்த காலி பண்ணோங்க டாக்டர்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். மீதியை ரோஸ்லின்தான் விளக்கினாள்.

கூட்டம் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது போன் அடித்தது. அப்பா. இத்தனை மாதம் கழித்து முதல் தடவை. முருகையன் பயிர், மழை, மாட்டுத் தீவனம் எல்லாவற்றையும் பேசிவிட்டு, தொண்டையைச் செருமினார்.

"தம்பி அங்க வர்றானாமே," என்றார்.

"வர்றாம்ப்பா. பட்டப்பகல்ல, அத்தினி பேர் பாக்க, கயிறோட வந்து நின்னு கேட்டாம்ப்பா. அந்தத் தெகிரியம் எனக்கு வராது. உங்களுக்கும் வராது."

"ரிப்போட்டு இன்னா சொல்லுது?"

"ஒண்ணும் இல்லப்பா. ரெண்டு வாட்டி பாத்தாச்சி. ஒண்ணும் இல்ல."

பஸ் வந்து நின்றது. அருணா ஏறாமல் போனைக் காதோடு வைத்துக்கொண்டு நின்றாள்.

"அந்தப் படத்த இன்னா பண்ண?" என்று கேட்டார்.

"பத்திரமா இருக்குப்பா. வூட்ல பீரோவுல."

"அங்கியே இருக்கட்டும்," என்றார் முருகையன். "செவுத்துல திருப்பி மாட்டிடாதம்மா. புள்ள வந்து போய்க்கினு இருக்கட்டும்."